மூன்றரைக் கட்டை இல்லாத உலகம்: வலியசாலையில் முதல் பியானோ பாடம் குறித்த ஓர் ஆராய்ச்சி

கி.பி. 866-ல் ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்றைய குமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு சாலையை நிறுவினான். 95 சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, அங்கே இடம். சேர விரும்புகிறவனுக்கு இலக்கணமும் மீமாம்சையும் புரோகிதமும் முன்பே வசப்பட்டிருக்க வேண்டும் என்று அவனது செப்பேடு கறாராகச் சொல்கிறது. சாலையின் ஒழுங்குகள் காந்தளூர்ச் சாலையைப் பார்த்து வகுத்தவை என்றும் அதிலிருந்தே தெரிகிறது. அந்தக் காந்தளூர்ச் சாலை எங்கே இருந்தது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. திருவனந்தபுரம் வலியசாலை மகாதேவர் கோயிலை ஒட்டித்தான் இருந்தது என்பது ஒரு கட்சி. வலியசாலைக்காரர்களைக் கேட்டால், வழக்கு என்றோ தீர்ப்பாகிவிட்டது என்பார்கள்.

பின்னாளில் ராஜராஜ சோழன் அந்தச் சாலையில் ‘கலமறுத்த’போது அறுபட்டது கப்பலா, சோற்றுக் கலமா, வேறு ஏதாவதா என்ற பெரும் போரில் இக்கட்டுரை தலையிடாது. அறுபட்டது பியானோ அன்று என்பது மட்டும் திண்ணம். சோழன் மறைந்தது 1014-ல். பிளாரன்ஸ் நகரத்துப் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி முதல் பியானோவைச் செய்து முடித்தது 1700-ஐ ஒட்டி.

செப்பேட்டிலிருந்து கிடைக்கும் முதல் முடிவு இது: தொடக்கநிலை மாணவர் என்ற இனம் வலியசாலையில் ஆயிரம் ஆண்டுகளாகவே கிடையாது. வருகிறவர் எதையாவது தெரிந்துகொண்டுதான் வருகிறார். முதல் பியானோ பாடத்தின் சிக்கல்கள் எல்லாம், சுகங்களும் கூட, இதிலிருந்தே கிளைக்கின்றன.

ஆய்வுப் பொருளை வரையறுத்துக்கொள்வோம். மாணவர் அறுபதைத் தாண்டியவர், ஓய்வூதியக்காரர். மகனோ மகளோ கடல் கடந்து இருக்கும் வீடு. அங்கிருந்து வந்து இறங்கிய 88 கட்டை டிஜிட்டல் பியானோ கூடத்தில் ஊஞ்சலுக்கு எதிரே நிற்கிறது. மரத்தில் செய்த அசல் பியானோவை இந்த ஊர் இடவப்பாதி மழை எளிதில் விட்டுவைக்காது. மரம் ஊதும், கம்பி துருப்பிடிக்கும், சுத்தியலைப் போர்த்திய கம்பளியைப் பூச்சி அரிக்கும். ஆகவே மின்சாரத்தில் ஓடுவதே இங்கே உத்தமம். ஆசிரியை இருபதுகளில் இருப்பவர். லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வுகளில் எட்டாம் கிரேடு வரை ஏறி இறங்கியவர். அவர் இவரை ‘மாமா’ என்பார். இவர் அவரை, வயதில் பேத்தியானாலும், ‘டீச்சர்’ என்பார். மாணவர் மாமியாக இருந்தால் ஆராய்ச்சி இன்னும் கடினம். அதைப் பிறகு பார்ப்போம்.

பிழை தொடங்கும் இடம் புத்தகம். பெரியவர்களுக்கான பாடநூல்கள் தனியாகக் கிடைத்தும், பல ஆசிரியர்கள் குழந்தைகளுக்கான புத்தகத்தையே விரிக்கிறார்கள். முதல் பக்கத்தில் ஒரு முயல். முயலுக்குப் பக்கத்தில் ‘நடு ஸி’. அதைக் கட்டைவிரலால் நான்கு முறை அழுத்த வேண்டும். நவராத்திரி மண்டபத்தில் ஐம்பது வருடம் சட்டையில்லாமல் உட்கார்ந்து கச்சேரி கேட்ட மனிதரிடம் முயலைக் காட்டுவது, இக்கட்டுரையின் கருத்தில், அவமரியாதை.

முயலுக்கு மாற்று, மாமாவின் நாக்கிலேயே இருக்கிறது. ஒரு பாடகரைப் பற்றிச் சொல்லும்போது ‘ஒரு கட்டை சுருதி’, ‘ஒன்றரைக் கட்டை’, ‘அம்மாளுக்கு ஐந்தரை’ என்று சொல்லிச் சொல்லிப் பழகியவர் அவர். அந்தக் கணக்கு ஹார்மோனியத்தின் கட்டைகளை எண்ணிய கணக்கு. ஹார்மோனியத்தின் கட்டை வரிசை பியானோவின் வரிசையேதான். ஸி ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. அரைக் கணக்குகள் எல்லாம் கருப்பு. இதில் கூர்ந்து நோக்க வேண்டியது மூன்றரைக் கட்டை என்று ஒன்று இல்லாதிருப்பது. எந்த வித்வானும் மூன்றரைக் கட்டைக்குப் பாடியதில்லை. ஏழரைக் கட்டையும் இல்லை, ஏழரை சனிக்கு மட்டும்தான். காரணம், மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கருப்புக் கட்டை கிடையாது; ஏழுக்கும் அடுத்த ஒன்றுக்கும் நடுவிலும் கிடையாது. ஒன்றரை, இரண்டரை என்று கருப்பு இரண்டு. பிறகு நாலரை, ஐந்தரை, ஆறரை என்று மூன்று. குழந்தைக்கு ஒரு மாதம் படம் காட்டிப் புரியவைக்கும் இரண்டு-மூன்று அடுக்கு, மாமாவுக்கு வெற்றிலை மடிக்கிற நேரத்தில் விளங்கிவிடும். அவர் பியானோவின் வரைபடத்தை வாயில் வைத்துக்கொண்டு வாழ்நாளைக் கழித்திருக்கிறார். கண்ணால் பார்ப்பதுதான் இப்போது.

எந்த ஸ்வரத்தில் தொடங்குவது? இங்கே இரண்டு பள்ளிகள் மோதுகின்றன.

வெள்ளைப் பள்ளி பெரும்பான்மைப் பள்ளி. ஸியில் தொடங்கி வெள்ளைகளையே அழுத்திப் போனால் சங்கராபரணம். அதிலேயே மத்யமத்தையும் தைவதத்தையும் தாண்டினால் ஹம்ஸத்வனி. முதல் பாடம் முடிவதற்குள், ஆசிரியை தண்ணீர் குடிக்கும் இடைவெளியில், மாமா ஒற்றை விரலால் ஒரு பிள்ளையார் பாட்டின் எடுப்பைத் துழாவிக் கண்டுபிடித்துவிடுவார். தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது.

கருப்புப் பள்ளிக்கு ஆதரவாளர் குறைவு, ஆனால் தலைவர் பெரியவர்: ஃபிரெடெரிக் ஷோப்பான். பாரிஸில் அவரிடம் கற்றவர்களில் பலர் வயது வந்த சீமாட்டிகள். முடிக்காமல் விட்ட பயிற்சிநூல் குறிப்புகளில் அவர், கையை வெள்ளைக் கட்டைகளில் பரப்பித் தொடங்குவதை விரும்பவில்லை. கட்டைவிரல் வெள்ளையில், நடுவிலுள்ள நீண்ட மூன்று விரல்களும் உயரமான கருப்பில், சுண்டுவிரல் திரும்பவும் வெள்ளையில். கை தானே கண்டுகொள்ளும் நிலை அது என்பது அவர் கட்சி. எல்லாம் வெள்ளையாக இருக்கும் ஸி வரிசை, படிக்க எளிது, வாசிக்கக் கடினம் என்று அவர் கருதினார்.

வலியசாலையில் ஷோப்பானுக்கு அவரே அறியாத ஓர் ஆதாரம் கிடைக்கிறது. ஐந்து கருப்புக் கட்டைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாலரைக் கட்டையை ஸட்ஜமாகக் கொண்டு ஏறினால் மோகனம். அதே ஐந்தையே ஐந்தரையிலிருந்து தொடங்கினால் மத்யமாவதி, ஆறரையிலிருந்து ஹிந்தோளம், ஒன்றரையிலிருந்து சுத்த சாவேரி, இரண்டரையிலிருந்து சுத்த தன்யாசி. கிரகபேதம் என்று வித்வான்கள் கச்சேரியின் நடுவில் செய்துகாட்டிக் கைத்தட்டல் வாங்கும் வித்தை, இங்கே கருப்பிலிருந்து விரலை இறக்காமலிருந்தால் தானாக நடக்கிறது. எதை அழுத்தினாலும் அபஸ்வரம் வராத ஒரே பேட்டை இது. அறுபது வயதில் புதிதாக ஒன்றைத் தொடுகிறவருக்கு முதல் அரைமணி நேரத்தில் தேவை அந்த அபயம்தான். ஆகவே இக்கட்டுரை கருப்புப் பள்ளியைச் சேர்ந்தது.

இரு பள்ளிகளுக்கும் சமரசம் வேண்டுவோர் நவராத்திரி மண்டபத்துக்குப் போகலாம். வலியசாலையிலிருந்து சாலைக் கடைத்தெருவைக் கடந்தால் கிழக்கேக்கோட்டை, உள்ளே மண்டபம். நவராத்திரியில் நாளுக்கு ஒன்றாக அங்கே பாடும் சுவாதித் திருநாளின் ஒன்பது கிருதிகளுக்கும் ராக வரிசை மாறாது: சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டகுறிஞ்சி, ஆரபி. ஒரு கட்டையில் வைத்தால் முதல் நாள் முழுக்க வெள்ளை. ஒன்றரைக் கட்டையில் வைத்தால் ஏழாம் நாள் முழுக்கக் கருப்பு. 1846-ல் மறைந்த மகாராஜா பியானோ மாணவர்களை மனத்தில் வைத்து இதைச் செய்தார் என்று சொல்ல இக்கட்டுரைக்கு ஆசைதான். ஆதாரம் இல்லாததால் ஆசையோடு நிறுத்திக்கொள்கிறது.

நாலாம் நாள்தான் வம்பு. முதல் பாடத்தில் மாமா கேட்கும் முதல் உண்மையான கேள்வி: “டீச்சர், இதுலே தோடி வருமோ?”

வராது. கட்டையை அழுத்தினால் அது ஏறக்குறைய பத்து மில்லிமீட்டர் இறங்குகிறது. அதற்குள் உள்ளே இருக்கும் சுத்தியல் கையின் பிடியிலிருந்து விடுபட்டு, தனியாகப் பறந்து கம்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. அதன்பின் விரல் என்ன தவித்தாலும் கம்பிக்குச் செய்தி போகாது. டிஜிட்டல் பியானோவும் அதே ஒழுக்கத்தைப் பாவித்துக் காட்டுகிறது. தோடிக்கு வேண்டியபடி ஸ்வரத்தை அசைக்கவும் இழுக்கவும் வழியில்லை. வயலினுக்கு அந்த வழி இருந்தது. அதனால்தான் பாலுஸ்வாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் கற்றுவந்த வாத்தியம் இரண்டே தலைமுறையில் நம்முடையதாகிவிட்டது. 1834-ல் சுவாதித் திருநாள் தம் அவை வித்வான் வடிவேலுவுக்குப் பரிசளித்த தந்த வயலின் இதே திருவனந்தபுரத்துச் சங்கதி. கட்டை வைத்த வாத்தியத்துக்கு அந்த யோகம் இல்லை. அகில இந்திய வானொலி 1940-ல் ஹார்மோனியத்தையே வெளியேற்றி, முப்பது வருடத்துக்கு மேல் வாசலில் நிற்கவைத்தது.

இந்த உண்மையை முதல் பாடத்திலேயே சொல்லிவிட வேண்டும். “மெதுவாகப் பார்ப்போம், மாமா” என்று நழுவும் ஆசிரியை, ஆறாவது வாரம் மாணவரை இழப்பார்.

அடுத்து வருவது காந்தாரப் பிரச்சினை. மாமா ஒரு கட்டையையும் மூன்று கட்டையையும் மாறி மாறி அழுத்திக் கேட்டுவிட்டு, நெற்றியைச் சுருக்குவார். “காந்தாரம் லேசா கூடுதலாக்கும்.” ஆசிரியை புன்னகைப்பார், கருவி ஆலையிலேயே சுருதி சேர்க்கப்பட்டது என்பார். ஆனால் பிசகாதது மாமாவின் காது. தம்புராவில் தானாகத் துலங்கும் அந்தர காந்தாரம் ஸட்ஜத்துக்கு ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் நிற்கிறது. பியானோவோ ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டியது. அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவிலுள்ள தூரத்தை நூறாகப் பகுத்தால், பியானோவின் காந்தாரம் ஏறக்குறைய பதினான்கு பங்கு தூக்கலாக இருக்கும். எட்டு கிரேடு முடித்தவருக்குக் கேட்காமல் போகக்கூடிய இதை, ஒரு கிரேடும் எழுதாதவர் முதல் நாளே கேட்டுவிடுகிறார். இந்த விவகாரத்தில் பியானோவின் பக்கம் வாதாடத் தமிழ்நாட்டில் ஒரு பெரியவர் உண்டு: தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். மருத்துவர், மேலை இசையும் பயின்றவர். 22 சுருதிக் கணக்கை மறுத்து, சம பங்கீடே தமிழ் மரபு என்று 1916-ல் பரோடா மாநாடு வரை போய் வாதாடி, மறு வருடம் ‘கருணாமிர்த சாகர’த்தை வெளியிட்டார். ஆசிரியைக்குச் சாட்சி தேவைப்பட்டால் அவரைக் கூப்பிடலாம். மாமா ஒப்புக்கொள்வார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இனி கை.

மேலைநாட்டு ஆசிரியர்கள் உள்ளங்கையில் ஆரஞ்சுப் பழம் இருப்பதாகப் பாவிக்கச் சொல்வார்கள். வலியசாலையில் பழம் தேவையில்லை. சந்தியாவந்தனத்தில் ஆசமனத்துக்குக் குழிக்கும் வலது கையை அப்படியே கவிழ்த்தால் போதும், அந்த வளைவுதான்.

வளைவு சரியானதும் எண் தகராறு எழும். பியானோவில் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. ஆதி தாளம் போட்ட கையில் தட்டியவுடன் எண்ணத் தொடங்குவது சுண்டுவிரல். பிறகு மோதிரவிரல், நடுவிரல். கட்டைவிரலுக்கு அங்கே வேலையே கிடையாது. “ஒண்ணாம் விரல்” என்று ஆசிரியை சொன்னதும் மாமாவின் சுண்டுவிரல் துடிப்பது மூப்பின் கோளாறு இல்லை, பயிற்சியின் பலன். இதைவிடப் பெரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. பாட்டு கொஞ்சம் பாட்டு மாதிரி ஒலிக்க ஆரம்பித்தவுடன், வாசித்துக்கொண்டிருக்கும் வலது கை கட்டையை விட்டுவிட்டுத் தொடைக்குப் போய்விடும், தாளம் போட. பாட்டு நின்றுவிடும். நின்றது ஏன் என்று கை வியக்கும். இதற்கு மருந்து, தாளத்தைக் கையிலிருந்து பறித்துக் காலுக்கு மாற்றுவது. சபையில் காலால் தாளம் போடாதே என்று சிறுவயதில் வாங்கிய திட்டு நினைவுக்கு வந்து தடுக்கும். ஆசிரியை அதற்கு அனுமதி வழங்கியாக வேண்டும், வாய்விட்டு.

வரிசையாக ஏதாவது வாசிக்க வேண்டுமே என்றால், மாயாமாளவகௌளை காத்திருக்கிறது. சரளி வரிசைக்கு அதை வகுத்த புண்ணியம் புரந்தரதாசருடையது என்பது மரபு. அதை இரு கைக்கும் பங்கு போடலாம். இடது கையின் சுண்டுவிரலிலிருந்து சுட்டுவிரல் வரை ஸ ரி க ம. வலது கையின் சுட்டுவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை ப த நி ஸ. கட்டைவிரல் இரண்டும் சும்மா தொங்கும். ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் கட்டைவிரலை விசைப்பலகையில் அதிகம் சேர்த்துக்கொள்ளவில்லை. 1753-ல் கார்ல் பிலிப் எமானுவேல் பாக் எழுதிய நூல் அதற்கு உரிய இடம் கொடுத்தது. கைப்பங்கீட்டின் அழகு வேறிடத்தில் இருக்கிறது. ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவில் ஒரு பெரிய தாவல். தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் நடுவில் அதே அளவுத் தாவல். இடது கையில் அது மோதிரவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே விழுகிறது. வலது கையிலும் அதே இரண்டு விரல்களுக்கு இடையே. பூர்வாங்கமும் உத்தராங்கமும் ஒரே அச்சு என்று காலமெல்லாம் கேட்டது, முதல் முறையாக இரண்டு கையில் பக்கத்துக்கு ஒன்றாக வந்து உட்கார்கிறது. மோதிரவிரல் மட்டும் முரண்டு பிடிக்கும். அதன் தசைநாண் புறங்கையில் அண்டை விரல்களின் நாண்களோடு பிணைந்திருக்கிறது. தனியாகத் தூக்கச் சொல்வது அதற்குச் செய்யும் அநியாயம்.

மாணவர் மாமியானால், ஸட்ஜம் ஐந்து கட்டைக்குப் போகும். அப்போது அதே மாயாமாளவகௌளையில் கருப்பு மூன்றாகும். தைவதத்தோடு நிஷாதமும் கருப்பில் ஏறிவிடும். டிஜிட்டல் பியானோவில் ‘டிரான்ஸ்போஸ்’ பித்தான் உண்டு. கை ஒரு கட்டையிலேயே இருக்க, ஒலி ஐந்தில் வரும். பித்தானைப் பயன்படுத்தலாமா என்பதில் ஆசிரியைகளுக்குள் கருத்து வேறுபாடு. மாமி பித்தானைக் கேட்டுப் பழகிவிட்டால் பிற்பாடு அசல் பியானோவில் திண்டாடுவார் என்பார்கள் ஒரு சாரார். ஸ்கேல் சேஞ்சர் ஹார்மோனியத்தில் கச்சேரிகளே நடந்திருக்க, அசல் பியானோ எங்கே வரப்போகிறது என்பது மறு சாரார். மாமி இவர்களைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். பாடிக்கொண்டே வாசிக்கத் தொடங்கியிருப்பார்.

வயது வந்தபின் தொடங்கியவர்களுக்கு முன்னுதாரணம் கேட்டால், கையிலேயே ஒன்று இருக்கிறது. 1943-ல் பண்ணைபுரத்தில் பிறந்த இளையராஜா, இருபதுகளின் நடுவில் சென்னைக்கு வந்த பிறகுதான் மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையை முறையாகக் கற்றார். அவரையும் தொடக்கநிலை மாணவர் என்று சொல்வது கடினம். பாவலர் சகோதரர்கள் குழுவில் ஆண்டுக்கணக்கில் ஹார்மோனியம் வாசித்துவிட்டுப் போனவர். பார்த்திவசேகரபுரச் செப்பேட்டின் சேர்க்கை விதி அங்கேயும் செல்லுபடியாகிறது. பாக்குக்கும் தியாகராஜருக்கும் காணிக்கையாக 1986-ல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ அதன் நீண்டகால வட்டி.

பாடம் முடிந்தபின் என்ன செய்வது என்பதற்கு ஒரு கடுமையான யோசனை 1716-லேயே அச்சேறியிருக்கிறது. பிரெஞ்சு இசையாளர் ஃபிரான்ஸ்வா கூப்பரென், ஹார்ப்சிகார்டு வாசிப்பு பற்றிய தம் நூலில், குழந்தைகளை ஆறு ஏழு வயதில் தொடங்கவைக்கச் சொல்லிவிட்டு, ஆசிரியர் போகும்போது வாத்தியத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகலாம் என்கிறார். ஆசிரியர் இல்லாத நேரத்தில் மாணவர் கற்றதைக் கெடுத்துக்கொள்வார் என்ற அச்சம். பேத்தி வயதுப் பெண் மாமாவின் வீட்டு வாத்தியத்தைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொள்வது வலியசாலையில் நடவாது. ஆனால் ஊர் வழக்கமே ஒரு பூட்டைத் தயாராக வைத்திருக்கிறது. பூஜவைப்பு நாளில் புத்தகத்தோடு வாத்தியமும் சரஸ்வதிக்கு முன் போய்விடும். விஜயதசமி காலை வரை யாரும் தொடக்கூடாது. பிளக்கைக் கழற்றி, பட்டுத்துணி போர்த்தி, சந்தனம் இட்டு உட்காரவைத்த டிஜிட்டல் பியானோவைக் கண்டால் கூப்பரென் மகிழ்ந்திருப்பார். முதல் பாடத்தை அந்த விஜயதசமியில் வைத்துக்கொள்வதே சிறந்தது.

அண்டை வீட்டாரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வலியசாலை அக்ரஹாரத்து வீடுகள் சுவரைப் பங்கிட்டுக்கொண்டவை. இந்த வீட்டுக் கூடத்தில் அழுத்திய கட்டை அந்த வீட்டு அடுக்களையில் கேட்கும். அங்கே இருப்பவருக்கும் காந்தாரம் தெரியும். ஹெட்போன் போட்டால் தீரும் என்பது பொறியியல் விடை. ஹெட்போன் போட்ட மாமா தம் காதில் பியானோ இருக்கும் தைரியத்தில் உரக்க ஸ்வரம் பாடுவார். அண்டை வீட்டாருக்கு வாத்தியம் இல்லாமல் வாய்ப்பாட்டு மட்டும் போய்ச்சேரும்.

கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒதுக்க வேண்டியது மூன்று கட்டைகளை ஒரே சமயத்தில் அழுத்தும் காரியம். ஒன்று, மூன்று, ஐந்து: ஸ, க, ப. ஆசிரியைக்கு இது உலகத்தின் மிகச் சாதாரணமான ஓசை. மாமா கொஞ்சம் கேட்டுவிட்டு, “நன்னா இருக்கு. ஆனா மூணுலே எதைக் கேக்கறது?” என்பார். வேடிக்கையான கேள்வி என்று எண்ணி ஆசிரியை கடந்து போகக்கூடாது. அடுத்த ஸ்வரம் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தே பழகிய காதுக்கு, எங்கும் போகாமல் மூன்றாக நிற்கும் ஸ்வரம் புதுசு. பதில் மூலையில் சாய்த்து வைத்த தம்புராவில் இருக்கிறது. அதில் பஞ்சமமும் ஸட்ஜமும் மீட்டப்படுகின்றன. காந்தாரம் தானாக வந்து சேர்கிறது. அதே மூன்றுதான். “தம்புராவை யாரும் தனியா உக்காந்து கேக்கறதில்லையே, டீச்சர்” என்று மாமா சொன்னால், அதற்கு ஆசிரியையிடம் பதில் இருக்காது. இரண்டாம் பாடத்தைப் பற்றிய ஆராய்ச்சி அங்கிருந்து தொடங்க வேண்டும்.

சம்பள விஷயம். ஷோப்பான் ஒரு பாடத்துக்கு 20 பிராங்க் வாங்கினார். மாணவிகள் அதைக் கணப்பின் மேலுள்ள மாடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள், கையில் கொடுப்பதில்லை. வலியசாலையில் கணப்பு இல்லை. வெற்றிலைத் தட்டில், பாக்கும் பழமும் ஒரு ரூபாய் நாணயமும் சேர்த்து மாமி கொண்டுவந்து வைப்பார், கூடவே காப்பி. ஆசிரியை “அடுத்த கிளாஸ் செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு” என்பார். மாமா சுவரிலிருக்கும் பஞ்சாங்கத்தைப் பார்ப்பார். ராகுகாலம். நாலரைக்கு மேல் என்று முடிவாகும்.